ஆடி என்றால் நாமக்கோழி

ஜோதி,

உன் புத்தகத்தின் கைப்படி வந்து பதினொரு நாள் ஆகிறது. "ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்கப்பா, வேற எதுலயும் கை வைக்காதீங்க" என்று போனில் சொன்னாய். பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் ஒற்று இல்லை, வேண்டாத இடத்தில் வரிசையாக நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு முதல் பரிசு வாங்கிய ஒரு சிந்திக்காரனுக்குப் பிறந்த பிள்ளை இப்படி எழுதலாமா என்று இரண்டு நாள் சிரித்துக்கொண்டே பென்சிலால் திருத்தினேன். மூன்றாம் நாள் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தேன். அதன் பிறகு பென்சிலை எடுக்கவில்லை. நீ தினமும் போன் செய்து "முடிச்சாச்சாப்பா?" என்று கேட்கிறாய். கண்ணில் நீர் வடிகிறது, வாசிக்க முடியவில்லை என்று சொல்லிவருகிறேன். நீர் வடிவது உண்மைதான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் விஷயம் உனக்கும் எனக்கும் நடுவில் முடிந்துபோகும். நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய், நானும் சரி என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஒரு மனிதர்மேல் பழி ஊரறியச் சுமத்தப்பட்டது. அதை இறக்குவதும் ஊரறிய நடக்க வேண்டும். அதனால் இதைக் கணினிக் கடையில் தட்டச்சு செய்து மூன்று படி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று உன் நான்காம் அத்தியாயத்தில் வரும் ஊரின் அம்மன் கோவில் சுவரில் ஒட்டுவதற்கு. மூன்றாவது செல்லத்தாய் அக்காவுக்கு. யார் அந்த அக்கா என்று பின்னால் சொல்கிறேன்.

நான்காம் அத்தியாயத்தில் நீ எழுதியிருப்பது இது: "குளத்துக் காவலரே வேட்டைக்காரருக்கு வழி காட்டினார். பறவைகளுக்கும் ஊருக்கும் இடையே தலைமுறைகளாக இருந்த நம்பிக்கை உள்ளிருந்தே உடைந்தது." எத்தனை பேரிடம் கேட்டு, எத்தனை முறை போய் வந்து எழுதினாய் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் உனக்கு ஒரே கதையைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்கள். வழி காட்டியவன் நான்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

தென்காசியில் நமக்கு ஒரே பெயர்தான், சேட்டு. அடகுக்கடை ராஜஸ்தான்காரரும் சேட்டு, துணிக்கடை வைத்திருக்கும் நாமும் சேட்டு. அவர்கள் சமணர்கள், பூண்டு வெங்காயம்கூடத் தொடமாட்டார்கள். நாம் சிந்து நதிக்கரையிலிருந்து வந்தவர்கள், மீனும் ஆட்டுக்கறியும் இல்லாமல் நமக்கு விசேஷமே கிடையாது. இந்த வித்தியாசம் ஊருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று உன் தாதா, என் அப்பா, முடிவு செய்தார். தேசம் பிரிந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு பம்பாயில் வந்து இறங்கி, அங்கிருந்து சென்னை, திருநெல்வேலி என்று துணி விற்றுக்கொண்டே தெற்கே நகர்ந்து, குற்றாலச் சாரல் முகத்தில் அடித்த நாளில் "இதுக்கு மேல போக முடியாது" என்று தென்காசியில் உட்கார்ந்தவர் அவர். "சைவம்னு நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும். சைவக்காரன் துணிய இழுத்து அளக்க மாட்டான்னு சனங்களுக்கு ஒரு நம்பிக்கை" என்பார். அதற்காக நான் ஞாயிறுதோறும் பஸ் ஏறிச் செங்கோட்டைக்குப் போய்க் கறி வாங்கி, கட்பீஸ் பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவேன். சன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் உன் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். "ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் சன்னலச் சாத்துதோம்?" என்று நீ சின்ன வயதில் கேட்பாய். "கொசு வரும்" என்பாள் அவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற கொசு.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மற்றவர்கள் உன்னைத் தப்பாகக் கெட்டவள் என்று நினைத்தால் பொறுத்துப்போகலாம், காலம் திருத்தும். தப்பாக நல்லவள் என்று நினைத்தால் அன்றைக்கே திருத்திவிடு. அதை விட்டுவைத்தால் ஒருநாள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். நான் உட்கார்ந்தேன்.

சுரண்டைக்கு அப்பால் இருக்கும் அந்த ஊரின் பெயரை நீ புத்தகத்தில் மறைத்திருக்கிறாய். நானும் மறைக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் ஸ்கூட்டரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போவது என் வழக்கம். குளம் பெருகிக் கிடக்கும், மரமெல்லாம் பறவை. தீபாவளிக்கு அந்த ஊரில் ஒரு வெடிகூட வெடிக்கமாட்டார்கள், கல்யாணத்துக்குக் கரைப்பக்கம் மேளம் போகாது. "பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பிள்ளைக, அதுக காதுல சத்தம் படலாமா?" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். முட்டையிடும் காலத்தில் கவிச்சி தின்ற வாயோடு யாரும் கரையேறக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் உண்டு. அதனால் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் கீழேயே நின்றுவிடுவார்கள். சேட்டுக்கு மட்டும் எந்த நாளும் தடையில்லை.

மடை திறந்து அடைத்து வயலுக்கு நீர் பாய்ச்சுகிற வேலையும் குளத்துக் காவலும் பரமசிவம் அண்ணாச்சியிடம் இருந்தன. முன்பற்கள் இரண்டு இல்லாமல் வாய் நிறையச் சிரிப்பவர். அந்த மார்கழியில் மூட்டையை இறக்கியவுடன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"வாங்க சேட்டு, ஒங்களுக்கு ஒண்ணு காட்டுதேன். எங்க ஊர்க்காரனுக்கே நான் காட்டுனதில்ல."

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"ஈ எறும்ப மிதிக்காத ஆளு நீங்க. நீங்க பாத்தா அதுகளுக்கு ஒண்ணும் ஆவாது."

அன்று காலையில் நான் முட்டை தின்றிருந்தேன். சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன். கீழக்கரையில் ஒற்றைப் பனைக்கு நேராக இறங்கினால் தண்ணீருக்கடியில் பழைய கரை ஒன்று கிடக்கிறது. ஆழமான குளத்துக்கு நடுவில் முட்டளவுத் தண்ணீரில் நடந்து சம்பைப் புல்லுக்குள் போய்விடலாம். வேறு எந்தப் பக்கம் இறங்கினாலும் கழுத்துக்குமேல் தண்ணீர், சேறு வேறு. அந்தப் புல்லுக்குள்ளேதான் நாமக்கோழிகள் கூடு வைத்திருந்தன. கரிக் கறுப்பு உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை. "பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கா?" என்று காதோடு கேட்டார். குஞ்சுகளுக்குத் தலை மட்டும் சிவப்பு. ஒரு குஞ்சு அவர் கால் பக்கம் வந்து திரும்பிப் போனது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து தாதாவிடம் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. "அது ஆடி! எங்க ஊர் ஆடி!" என்றார். சிந்தி மொழியில் அந்தப் பறவைக்கு ஆடி என்று பெயர். அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் கரை தெரியாத ஓர் ஏரி உண்டாம். அங்கே படகிலேயே பிறந்து படகிலேயே சாகிற சனங்கள் இருந்தார்களாம். செத்த கொக்கின் தோலைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் நடந்து போய், மிதந்துகொண்டிருக்கும் ஆடியைக் கீழிருந்து காலைப் பிடித்து இழுப்பார்களாம். பக்கத்தில் நிற்கும் பறவைக்குக்கூடத் தெரியாதாம். அவருடைய அம்மா அதை வெங்காயமும் மல்லியும் போட்டுச் சமைப்பாளாம். சொல்லும்போதே நாக்கைச் சப்புக்கொட்டினார். நாம் தண்ணீரைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள் ஜோதி. ஒவ்வொரு வருஷமும் சித்திரையை ஒட்டிச் சிற்றாற்றில் விளக்கு விடுவதற்கு நீயும் வந்திருக்கிறாய். அந்தத் தண்ணீரில் வாழ்கிறதைத் தின்பதும் நமக்கு அந்நாளில் வழிபாட்டுக்கு விரோதமாகத் தெரிந்ததில்லை. இதெல்லாம் உன் படிப்புக்கு ருசியான சங்கதி. எனக்கு அது என் அப்பாவின் வாயில் ஊறிய எச்சில்.

தை கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தார். உனக்கு அப்போது ஏழு வயது, கட்டிலுக்கடியில் உட்கார்ந்து பொம்மைக்குத் துணி தைத்துக்கொண்டிருப்பாய். சாப்பாட்டை விட்டுவிட்டார். கஞ்சியைக்கூட உதட்டோடு தள்ளிவிடுவார். ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. "ஆடி... ஆடி..." பக்கத்துப் பாத்திரக்கடைக் காதர் பாய் பார்க்க வந்தார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க அப்பா ஆடித் தள்ளுபடியவே நெனச்சிக்கிட்டுக் கெடக்காவ. தையிலேயே ஆடிய கூப்பிடுதாவ பாருங்க" என்றார். வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாசத்தோடு சிரித்த சிரிப்புதான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு என்ன தெரியும் எங்கள் பாஷை என்று நினைத்தேன்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு வெட்கம் இருந்தது. சிந்தியில் ஓர் எழுத்துக்கூட எனக்கு எழுதத் தெரியாது. பேசுவதும் சமையலறைப் பேச்சு, கடைப் பேச்சு, அவ்வளவே. உனக்கு இந்தக் கடிதத்தைக்கூட நம் பாஷையில் எழுத எனக்கு வக்கில்லை. பாஷையைத் தொலைத்த மகன் என்ற குறை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஒரு சொல், ஊரில் யாருக்கும் புரியாத ஒரு சொல், எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்தப் பெருமையில் எனக்குக் கண் மறைத்துவிட்டது.

ஐந்தருவியில் துரை என்று ஒருவன் சீசனில் மிளகாய் பஜ்ஜி போடுவான், சீசன் முடிந்தால் வலை விரித்துக் காடை கௌதாரி பிடித்து மறைவாக விற்பான். அவனைத் தேடிப் போனேன்.

"நாமக்கோழி ஒண்ணு வேணும் துரை. ஒண்ணே ஒண்ணு. அப்பா கடைசி ஆசை."

"சேட்டு, நீங்களா கேக்கீய?" என்று வாயைப் பிளந்தான். பிறகு, "அது நடுத் தண்ணியில கெடக்கும். அந்தப் பக்கம் ஒரு குளத்துல இருக்குன்னு தெரியும், உள்ள போவ வழி இல்ல. வழி தெரிஞ்சா கொண்டாந்துருவேன்" என்றான்.

சொன்னேன் ஜோதி. கீழக்கரை, ஒற்றைப் பனை, முட்டளவுத் தண்ணீர். பரமசிவம் மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்போது வீட்டுக்குப் போவார் என்பதையும் சொன்னேன். அவன் கேட்காமலேயே சொன்னேன்.

மறுநாள் இரண்டு பறவைகளை உரித்துச் சுத்தம் செய்து இலையில் கட்டிக் கொண்டுவந்தான். "ரெண்டுதான் எடுத்தேன், ஆண்டவன் சத்தியமா" என்றான். உன் அம்மா எதுவும் கேட்காமல் சன்னலைச் சாத்தினாள். வெங்காயமும் மல்லியும் போட்டாள். நான் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து, விரலால் நசுக்கி, தாதாவின் வாயில் வைத்தேன். இரண்டு முறை மென்றார். துப்பிவிட்டார்.

"என்னடே இது? சேறு நாறுது."

தமிழில்தான் சொன்னார். "ஆடி பாபா. நீங்க கேட்ட ஆடி" என்று நான் சிந்தியில் சொன்னேன். அவர் கண்ணில் ஒரு தெளிவு வந்தது. "ஆடி பொறந்துட்டா? சாரல் விழுதா? பெறவு கடைய விட்டுட்டு இங்கன உக்காந்து என்ன செய்யுத?" என்றார். "சன்னல ஏன்டே சாத்தி வச்சிருக்க? தெற, சாரல் உள்ள வரட்டும்."

திறந்தேன். வெளியே மாசி வெயில். குற்றால மலையில் பாறை காய்ந்து கிடந்தது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நான்கு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

காதர் பாய் சொன்னதுதான் சரி. ஐம்பது வருஷம் இந்த ஊரில் துணி கிழித்த மனிதர் கடைசியில் கேட்டது இந்த ஊரின் ஆடி மாதத்தை. சாரலில் நனைந்துகொண்டே கடைக்குள் ஏறுகிற கூட்டத்தைக் கேட்டார். ஏரியும் படகும் எப்போதோ அவரை விட்டுப் போய்விட்டன. அவர் தென்காசிக்காரராகச் செத்தார். நான்தான் அவரை வலுக்கட்டாயமாகச் சிந்திக்காரராக்கினேன். நீ மனிதர்களைக் கேட்டு எழுதுகிற வேலையில் இருக்கிறாய். ஒரு சொல் காதில் விழுந்ததும் உனக்குப் பிடித்த அர்த்தத்தை அதற்குப் போர்த்திவிடாதே. "என்ன சொல்லுதீய?" என்று இன்னொரு முறை கேள். நான் என் அப்பாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்த வாரம் அந்தக் குளத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. ஒரு பஞ்சாயத்து, பொதுவான ஆளாக நான் வர வேண்டுமாம். போனபோது அம்மன் கோவில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. சம்பைப் புல்லில் வலைத்துண்டுகள் மாட்டிக் கிடந்ததையும், கூடெல்லாம் மிதிபட்டு முட்டைகள் உடைந்து மிதந்ததையும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மிச்சமிருந்த பறவைகள் எழும்பிப் போய்விட்டன. மரத்தில் கூடு வைத்திருந்தவையும் கலைந்து போயின. துரை இரண்டு எடுக்கவில்லை. எத்தனை எடுத்தான் என்று குடித்துச் சாகும்வரை அவன் எனக்குச் சொல்லவும் இல்லை.

பழைய கரை வழி பரமசிவத்துக்கு மட்டும்தான் தெரியும். அதுவே குற்றப்பத்திரிகை. "வேற யாரையாச்சும் அங்கன கூட்டிட்டுப் போனியாலே?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

"நம்ம சேட்டு ஒருத்தர மட்டுந்தான் கூட்டிட்டுப் போனேன்."

கூட்டம் சிரித்தது. "சேட்டா! வெங்காயம் திங்காத மனுசன் நாமக்கோழிக்கு வலை விரிச்சாராக்கும்? ஏலே, சொல்லுததையும் பொருந்தச் சொல்லு" என்றது ஒரு குரல். பரமசிவத்துக்கே வெட்கமாகிவிட்டது. "நான் அவ்வொளக் குத்தம் சொல்லல. கேட்டதுக்குச் சொன்னேன்" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். சூடம் கொளுத்திச் சத்தியம் செய்யட்டும் என்றார்கள். தட்டை யார் பிடிப்பது? ஊர்க்காரன் பிடித்தால் பட்சம் பார்ப்பான். சுத்தமான ஆள், கவிச்சி படாத கை, சேட்டு பிடிக்கட்டும் என்று முடிவானது.

பிடித்தேன். அதே கையால்தான் அந்தக் கறியை நசுக்கினேன். அவர் என் எதிரில் நின்று எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, "நான் யாருக்கும் வழி சொல்லல தாயே" என்று சத்தியம் செய்தார். தட்டு ஆடியது. "சுடுதா சேட்டு?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா" என்றேன். அன்றைய பஞ்சாயத்தில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

சத்தியத்தை யாரும் நம்பவில்லை. பொய்ச் சத்தியம் வேறு செய்தான் என்று இன்னொரு பழி சேர்ந்தது. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். பயம் ஜோதி. இரண்டு தலைமுறையாக இருந்தும் நாம் வந்தேறிகள், சேட்டுக்கு இருந்த நல்ல பெயர் ஒன்றுதான் நம் கடை, நம் வீடு, எல்லாம். அது போனால் அடுத்து எந்த ஊருக்கு மூட்டை தூக்குவது என்று நினைத்தேன். இது காரணம்தான், சமாதானம் இல்லை. எதிரில் நின்றவரும் ஓர் ஊரில்தான் பிறந்திருந்தார், அவருக்கும் அது ஒன்றுதான் இருந்தது.

அவரிடமிருந்து மடை வேலையைப் பிடுங்கினார்கள். அவர் வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செங்கோட்டையைத் தாண்டிப் புனலூர்ப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டப் போனார். அந்த ஊரில் இன்றைக்கும் நம்பிக் கெட்டால் "பரமசிவம் காவல் மாதிரி ஆச்சு" என்கிறார்கள். அந்தச் சொலவடையை நீயும் அந்த அத்தியாயத்தின் ஆறாம் பக்கத்தில் ரசித்து எழுதியிருக்கிறாய்.

அதன் பிறகுதான் நான் உன்னை ஞாயிற்றுக்கிழமைகளில் குளம் குளமாகக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பைனாகுலர் வாங்கித் தந்தேன், பறவைப் படப் புத்தகம் வாங்கித் தந்தேன். ஒவ்வொரு குளமாக எட்டிப் பார்த்துவிட்டு "நாமக்கோழி இருக்கா பாரு" என்று உன்னிடம் கேட்பேன். நீ பறவை மேல் அப்பாவுக்கு உயிர் என்று நினைத்துக்கொண்டாய். நான் ஓடிப்போனதுகள் எங்காவது போய் இறங்கியிருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருந்தேன். இருந்தால் செய்தது அவ்வளவு பெரிய பாவம் இல்லை என்று என்னை ஏமாற்றிக்கொள்ளலாமே. நீ இன்றைக்கு எதுவாக இருக்கிறாயோ அது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கியது. சமர்ப்பணப் பக்கத்தில் "பறவைகளை மதிக்கக் கற்றுத்தந்த என் அப்பாவுக்கு" என்று போட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தை எடுத்துவிடு.

இன்னும் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அந்த ஊருக்குப் பேட்டி எடுக்கப் போனபோது, "பரமசிவம் பொண்டாட்டி வீட்டுக்கு மட்டும் போவாத, அதுக்கு மனசு சரியில்ல" என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய். செல்லத்தாய் அக்காவுக்கு மனசு சரியாகத்தான் இருக்கிறது. புருஷன் கேரளாவுக்குப் போன பிறகும் ஊரைவிட்டு நகராமல் பீடி சுற்றிப் பிழைத்தவள். பரமசிவம் போன வருஷம் அங்கேயே இறந்துபோனார். நான் செய்தி கேட்டும் போகவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது, பிந்திவிட்டேன். இதை எப்படி எழுதினாலும் என் நெஞ்சு ஆறாது.

உன் நான்காம் அத்தியாயத்தைப் படித்த பிறகு, போன செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க சேட்டு. அவ்வொ ஒங்களச் சொல்லிக்கிட்டே இருப்பாவ. அன்னைக்கு ஊரே ஏசுச்சி, சேட்டு ஒருத்தருதான் என்னைய ஒரு சொல் சொல்லலன்னு. சாவப்போற அன்னைக்குப் போன்லகூடச் சொன்னாவ."

திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. வாசல்படியில் உட்கார்ந்தேன். உனக்கு மேலே எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். துரை, பழைய கரை, அப்பா, ஆடி, எதையும் விடவில்லை. அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. பாதி வெட்டிய இலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்.

"சாப்பிட்டாவளா?"

"இல்லக்கா. துப்பிட்டாவ."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப எதுக்குய்யா?"

தெருவில் ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் மறுபடி தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலேயே, "ஒங்க மக புஸ்தகம் போடுதால்லா. அதுல இவ்வொ பேரு அப்படித்தான் வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். "எங்க பேத்தி படிக்கவளாச்சே. நாளைக்கு அதையும் படிப்பாளே" என்றாள். போங்கள் என்று சொல்லவில்லை. நானாக எழுந்து வந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் கோவில் முன்னால் ஊரைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். கடையைப் பற்றி யோசிக்காதே, நடப்பது நடக்கட்டும். நீ வர வேண்டாம். என் பக்கத்தில் நின்றால் உன்னையும் சேர்த்து ஏசுவார்கள். உன் ஆசிரியர்களுக்கும் பதிப்பகத்துக்கும் நீ என்ன சொல்வாய், எவ்வளவு கூனிக்குறுகுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடாதே. எடுத்துவிட்டால் ஊர் சொல்வதே நிலைத்துவிடும்.

எதிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய். ஒரே ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன். "குளத்துக் காவலரே" என்று தொடங்கும் வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: "வழி காட்டியவர் காவலர் பரமசிவம் அல்லர். என் அப்பா." உன் புத்தகம் என்பதால் உன் குரலில் எழுத வேண்டியிருந்தது. "என் அப்பா" என்று இருக்கட்டுமா, அந்த இடத்தில் வெறுமனே என் பெயரைப் போடலாமா என்பதை நீ முடிவு செய்.